ஐம்பது சோடிக் கால்கள்

போன மாதம் அந்தக் கலியாண வீட்டில், பந்தி முடிந்து கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோமே, அப்போது உங்களில் ஒருவர்தான் கேட்டீர்கள்: "எங்கட படகு ஜெட்டியில ஒரு விசர்ப் பெயின்ற்காரன் இருந்தானே, கால் காலாக் கீறிக்கொண்டு, அவன் என்னவானான்?" எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சீலையை மடித்து அலுமாரியில் வைக்கும்போதுதான் வெட்கமாக இருந்தது. உங்கள் எல்லாரையும்விட எனக்கு அவரைக் கூடத் தெரியும். அவர் விசர் பிடித்த பைத்தியம் இல்லை என்பதும் தெரியும். ஒன்பது வயதில் அவர் விடயத்தில் உண்மையைச் சொல்லாமல் நின்றேன். எழுபது கடந்தும் அதையே செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன்.

அவரை நாங்கள், மூதூர்க்காரர் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, பெயின்ற் நானா என்று கூப்பிட்டோம். மெலிந்த, நெடிய மனிதர். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். நகக்கண் எல்லாம் வெள்ளைப் பெயின்ற். அவருடைய மனைவி வீடு வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில். கிழமை முழுவதும் திருகோணமலையில் வேலை செய்வார். வியாழக்கிழமை பின்னேரம் லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில் போய், வெள்ளி ஜும்மா தொழுதுவிட்டுச் சனி காலை திரும்புவார். இங்கே படகு பழுதுபார்க்கிற வளவின் மூலையில் ஒரு தகரக் கொட்டில்தான் அவர் இருப்பிடம்.

வெள்ளைக்காரருடைய கப்பல்தளம், டொக்யாட், நடந்த காலத்தில் அவர் அங்கே கப்பல்களுக்கு எழுதுகிறவர். கப்பலின் பக்கத்தில், எவ்வளவு தூரம் தண்ணீருக்குள் இறங்கலாம் என்று காட்டுகிற கோடும் இலக்கங்களும் இருக்குமல்லவா? கயிற்றில் தொங்குகிற பலகையில் இருந்துகொண்டு அவற்றை எழுதுவது அவர் வேலை. வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது பலருக்கும் போலவே அவருக்கும் வேலை போயிற்று. புறப்படுகிற அவசரத்தில் யாரோ ஒரு துரை, அரைவாசி தீர்ந்த பெயின்ற் தகரங்களை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். கப்பல் பெயின்ற் அது. தயிர் மாதிரித் தடிப்பு. காய்ந்தால் கல். டொக்யாட் தூரிகைகள் பன்றி மயிர் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஆட்டு மயிரில் தானே கட்டிய தூரிகை ஒன்றைத்தான் பாவித்தார். அந்தத் தூரிகையை முகர்ந்து பார்த்தவர்கள் நம்மில் யாராவது இருக்கிறீர்களா? மண்ணெண்ணெயும் ஆடும் கலந்த ஒரு மணம்.

கடைப் பலகை, வள்ளத்தின் பெயர், பஸ்ஸின் நெற்றி என்று கூலிக்கு எழுதுவார். மிச்சப் பெயின்றைத் தெருவில் செலவழிப்பார்.

ஜெட்டிக்குப் போகிற வளைவில் ஒரு குழி இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாரி பிறந்தால் சைக்கிள்காரர் ஒவ்வொருவராக அதற்குள் விழுவார்கள். ஒருநாள் காலை பார்த்தால் குழியைச் சுற்றித் தாமரை இலைகள். ஒரு பக்கம் படித்துறை. பக்கத்தில் ஒரு தூண்டில் தடியும் சாத்தி வைத்தபடி. எல்லாம் பெயின்ற். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாங்கள் அந்தக் குளத்தைச் சுற்றி இருந்து காகிதக் கப்பல் விட்டோம். பெரிய மனிதர்கள் காரில் வந்து பார்த்தார்கள். பத்து நாளில் குழி நிரவியாயிற்று. எங்களுக்குத்தான் கவலை.

இன்னோர் இடத்தில், எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம், சனங்கள் காலையிலிருந்து விறாந்தையில் கால் கடுக்க நிற்பார்கள். அவர் அந்தச் சுவரில் எட்டுக் கதிரைகளை வரிசையாக வரைந்தார். நிழல் விழுகிற மாதிரி, பிரம்புப் பின்னல் எல்லாம் தெரிகிற மாதிரி. கண் மங்கிய ஒரு மனிதர் உண்மை என்று நினைத்து இருக்கப் போய், நிலத்தில் இருந்துவிட்டார். அவரே எழும்பி நின்று விழுந்து விழுந்து சிரித்தாராம். அடுத்த மாதம் அங்கே ஆட்கள் இருக்க இரண்டு மர வாங்குகள் வந்தன.

கதிரை வரைவார், வண்டி வரைவார், கைவிளக்கு வரைவார். ஆள் மட்டும் வரையமாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"முகம் படைச்சவன்ட வேலை, புள்ள. நமக்கு அதுல கை வைக்க ஏலாது" என்றார். "மனுசன் இருந்த இடத்தைக் கீறினாப் போதும். அவன் வந்து இருந்துகொள்ளுவான்."

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூதூர் லோஞ்சின் தண்டயல் அவர்தான். சுக்கான் பிடிப்பது, புறப்படும் நேரம் பார்ப்பது, கடல் சரியா பிழையா என்று சொல்வது எல்லாம் அவர். ஆனால் எத்தனை பேரை ஏற்றுவது என்பது மட்டும் முதலாளியின் சொல். மாரியில் பாதி நாள் லோஞ்சு ஓடாது. ஓடுகிற நாளில் இரண்டு நாள் சனத்தையும் சேர்த்து ஏற்றச் சொல்வார் முதலாளி. அப்பா ஏற்றுவார். அப்பாவின் கை எந்தக் கடலையும் சமாளிக்கிற கை என்று ஊரே சொல்லும். அப்பாவும் அதை நம்பினார். நாங்களும் நம்பினோம்.

அந்த மாரியில் ஒரு வியாழக்கிழமை, நிறைந்து வழிந்துதான் லோஞ்சு போனது. நடுக்கடலில் ஒரு அலை பக்கப் பலகைக்கு மேலால் உள்ளே வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் வைத்திருந்த ஒரு கோழிக்கூடு மட்டும் அலையோடு போயிற்று. கூட்டுக்குள் ஐந்து கோழிகளும் கழுத்தை நீட்டிப் பார்த்தபடியே மிதந்து போனதை அன்றிரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டே நடித்துக் காட்டினார். அம்மா சிரித்து அவவுக்குப் புரைக்கேறிவிட்டது. நான் கோழி மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் அந்த விளையாட்டைத்தான் விளையாடினோம்.

சிரிக்காத ஒரே ஆள் அந்த லோஞ்சில் இருந்த பெயின்ற் நானா.

சனிக்கிழமை திரும்பி வந்தவர் வேலைக்குப் போகவில்லை. ஜெட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு தடியைத் தண்ணீருக்குள் பிடித்தபடி, லோஞ்சில் ஆட்கள் ஏற ஏற ஏதோ அளந்தார். இப்படி மூன்று நாள். மழை தூறினாலும் எழும்பவில்லை. அவருக்கு விசர் என்ற கதை அந்த மூன்று நாளில்தான் பிறந்தது. கச்சான் கொட்டையைக் கொறித்துக்கொண்டு நாங்களும் சுற்றி நின்று பார்த்தோம்.

"என்ன நானா பார்க்கிறீங்கள்? மீனோ?"

"மூச்சுப் பார்க்கிறன், புள்ள" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "தண்ணிக்கு மேல கொஞ்சம் உடம்பு மிஞ்சினாத்தான் லோஞ்சு மூச்சு விடும். அம்பது பேர் வரைக்கும் விடுது. அதுக்குப் பிறகு முக்குது."

நாலாம் நாள் வெண்கட்டியும் தகரமும் எடுத்துக்கொண்டு வந்தார். லோஞ்சுக்கு ஏறுகிற இடத்தில், சீமெந்துத் தரையில், காத்து நிற்கிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார்: "கொஞ்சம் அசையாம நில்லுங்க." காலைச் சுற்றி வெண்கட்டியால் கோடிழுத்து, அவர்கள் போனபிறகு வெள்ளைப் பெயின்றால் நிரப்பினார். வரிசைக்கு ஐந்து சோடி, பத்து வரிசை. வெடித்த குதிக்கால்கள், ஒரு பெருவிரல் இல்லாத மீனவருடைய கால், கலியாணத்துக்கு மருதோன்றி போட்ட கால். எழுத்து ஒன்றும் எழுதவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டுமே. கால்கள் நிரம்பினால் லோஞ்சும் நிரம்பிவிட்டது. அவ்வளவுதான்.

முதல் வரிசையில் கடைசிச் சோடி என்னுடையது. நானேதான் ஓடிப்போய்க் காலை வைத்தேன். வெண்கட்டி விரலிடுக்கில் ஓடியபோது கூச்சத்தில் நெளிந்தேன். என் இடது சுண்டுவிரல் பிறந்ததிலிருந்தே உள்ளே வளைந்தது. அதையும் அப்படியே வளைத்து வரைந்திருந்தார்.

கால் வரைந்த இரண்டாம் நாள் முதலாளி குடையோடு வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கேட்காமலே கொடுக்கிறவர். ஆனால் அந்தக் கால்களைக் கண்டதும் அவர் முகம் கறுத்துப் போயிற்று.

"தண்டயல், இதுக்குள்ள உம்மட மகளின்ர காலும் இருக்காம். நீரும் சேர்ந்துதான் இந்த விளையாட்டோ?"

சனங்கள் சுற்றி நின்றார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இது உன்ர காலோ?"

இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"இல்லையப்பா."

அப்பா நானாவிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ. இது ஆரின்ர கால்?"

நானா என்னைப் பார்க்கவேயில்லை. தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "இது மூதூர்ப் புள்ளை ஒண்டுட கால், தண்டயல். உங்கட மகள்ட இல்லை."

அப்பாவுக்கு அத்தோடு ஆறவில்லை. "என்ர லோஞ்சு தாழும் எண்டு ஊருக்குப் படம் போட்டுக் காட்டுறீங்கள், என்ன? பத்து வரியமா ஓட்டுறன். ஒரு உசிர் போயிருக்கோ?"

"உங்கட கையில பிழையில்ல, தண்டயல்" என்றார் நானா. "பாரத்துலதான் பிழை."

நல்லெண்ணத்தில் சொன்ன சொல் அது. அப்பாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். அவரே ஒரு தார் வாளியைக் கொண்டுவந்து, முதலாளியின் ஆட்களோடு சேர்ந்து நின்று, ஐம்பது சோடிக் கால்களையும் மறைத்துத் தார் பூசுவித்தார். நானா ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் தகரங்களை எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க ஜெட்டி தார் நாறியது. எனக்காக ஒருவர் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பொய் சொல்லிக் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

இரண்டு கிழமைக்குப் பிறகு பெருநாள் வந்தது. அதற்கு முந்திய நாள் ஜெட்டி நிறையச் சனம். புதுச் சட்டைப் பொட்டலங்கள், பலகாரப் பெட்டிகள், கருவாட்டுக் கூடைகள். வாடைக் காற்று அடித்து, வெளித்துறைமுகத்துக்கு அப்பால் வெள்ளை நுரை தெரிந்தது. அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பொதியோடு நான் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஆகவே நடந்ததை என் கண்ணால் கண்டேன்.

தாருக்குக் கீழே அந்தக் கப்பல் பெயின்ற் அப்படியே தடித்துக் கிடந்தது. செருப்புப் போடாத சனம் நம்முடைய சனம். தார் மீது நின்றவர்களுக்கு, வரைந்த காலின் விளிம்பு உள்ளங்காலில் தட்டுப்பட்டிருக்கிறது. முதலில் இரண்டு பெண்கள் குனிந்து பார்த்தார்கள். காலால் தடவித் தடவி, தங்களுக்குப் பொருந்திய இடத்தில் நின்றுகொண்டார்கள். பக்கத்தில் இன்னொருத்தி. பின்னால் ஒரு குடும்பம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வரிசைக்கு ஐந்து பேராகப் பத்து வரிசை நிரம்பியது. அந்த ஐம்பது பேரும் லோஞ்சில் ஏறினார்கள்.

அடுத்து நின்றவள் ஒரு கருவாட்டுக்காரி. பெருநாள் சந்தையை நம்பி மூன்று கூடைகளோடு வந்தவள்.

"ஏறு, ஏறு, இடம் கிடக்கு" என்று முதலாளி குடையை ஆட்டினார்.

அவள் தலையிலிருந்த கூடையை இறக்கி நிலத்தில் வைத்தாள். "நிரம்பிப்போச்சு, முதலாளி. நான் அடுத்ததில வாறன்."

"அடுத்தது போக இருட்டிப்போம். சந்தை முடிஞ்சிரும்!"

"முடிஞ்சாலும் பரவாயில்ல. கருவாடுதானே, நாளைக்கும் கிடக்கும்" என்று சொல்லிக் கூடையின் பக்கத்தில் இருந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. சுக்கானைப் பிடித்தபடி அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலாளி ஏதோ கத்தினார். அப்பா கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

அன்று இரவு அப்பா நனைந்த சாரத்தோடு வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். பிசைந்தார். சாப்பிடவில்லை.

"தண்ணி பலகையைத் தொட நாலு விரல்தான் மிச்சம் இருந்தது" என்றார் அம்மாவிடம். "ஐம்பது பேரோட நாலு விரல். வழமை மாதிரி ஏத்தியிருந்தா..."

அம்மா சிரிக்கவில்லை. நானும் கோழி மாதிரிக் கழுத்தை நீட்டவில்லை.

பெருநாள் முடிந்து நானா திரும்பி வந்த அன்று, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தகரக் கொட்டிலுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அவர். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"நானா, டொக்யாட்டில கப்பலுக்குப் போட்ட கோடு... லோஞ்சுக்கும் போட ஏலுமோ?"

நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏலும். ஆனா முதலாளி?"

"லோஞ்சுதான் முதலாளிட. கடலுக்குக் கொண்டு போறது நான்."

அடுத்த நாள் காலை ஐம்பது பேரை ஏற்றி, ஜெட்டியோடு கட்டிய லோஞ்சைச் சுற்றி, ஒரு சிறு வள்ளத்தில் நின்றுகொண்டு நானா தண்ணீர் மட்டத்தை அடையாளம் வைத்தார். வள்ளத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்பா. ஆட்கள் இறங்கி லோஞ்சு உயர்ந்தபின், இரண்டு பக்கமும் விரல் தடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு. அளவுகோல் இல்லை, நூல் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவை. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கைகளைக் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு கோட்டைக் காணவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். கோட்டுக்கு மேல் தண்ணீர் வந்தால் கயிறு அவிழ்க்கமாட்டேன் என்று அப்பா சொன்னார். முதலாளி எஞ்சின் திறப்புச் சாவியை வாங்கிக்கொண்டு அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேறொரு தண்டயலைப் பிடித்தார். அவரும் வந்து, கோட்டைப் பார்த்துவிட்டு, வயிற்று வலி என்று சொல்லிப் போய்விட்டார். ஐந்து நாள் லோஞ்சு கட்டிக் கிடந்தது. ஆறாம் நாள் பின்னேரம் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். இறால் வரத்தைப் பற்றிக் கதைத்தார். எழும்பும்போது திறப்பை மேசையில் வைத்தார்.

"நாளைக்கு வெள்ளனப் போங்கோ."

கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது பிறகும் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு வருடமும் லோஞ்சைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கும்போது, நானாதான் வந்து அதைத் திரும்ப இழுப்பார். மற்ற லோஞ்சுக்காரரும் கேட்டு வாங்கினார்கள். பிற்காலத்தில் இளந்தண்டயல்கள் அதை 'நானாக்கோடு' என்று சொல்வார்கள். யார் அந்த நானா என்று கேட்டால் தெரியாது.

நான் படித்து ஆசிரியையாகி, திருகோணமலையிலேயே லிங்கநகரில் குடித்தனமாகி, மூதூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அதே லோஞ்சில் போய்வந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குள் நானா வேலையை விட்டு மனைவி வீட்டோடு இருந்துவிட்டார். கண்ணில் பூ விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு ஜெட்டிக்கு வருகிற வழியில் அவர் வீடு. ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு போய், தண்டயலின் மகள் என்று சொன்னேன். ராத்தா, அவர் மனைவியைத்தான் சொல்கிறேன், பாய் விரித்தா. இருபது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"நானா, அண்டைக்கு அந்தக் கால் என்ர கால்தான்."

அவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். "கீறினவனுக்குத் தெரியாதா? சுண்டுவிரல் வளைஞ்ச கால் அந்த ஜெட்டியில ஒண்டுதானே."

"பின்னை ஏன் பொய் சொன்னீங்கள்?"

"உங்கட அப்பாக்கு அண்டைக்கு ஏத்தின பாரமே போதும் எண்டு நினைச்சன், புள்ள."

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறையாவது அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் லோஞ்சுக்கு வருவேன். லோஞ்சு ஓடாத நாட்களில் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது மழைக்காக என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் உண்மை. ஆனால் ஓடுகிற நாளிலும் ஐம்பத்தோராவது ஆளாகி, எத்தனை தடவை அடுத்த லோஞ்சுக்காகக் காத்து நின்று பிந்திப் போயிருக்கிறேன் என்று கணக்கில்லை. பள்ளிக்கூட அதிபர் ஒருநாளும் ஏசவில்லை. அவரும் அந்தக் கரைக்காரர்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு விடுமுறை நாள் காலை, நானா மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. ஜெட்டிக்கு ஓடினேன். எனக்கு முன்னமே திருகோணமலையில் பாதி அங்கே நின்றது. கடைக்காரர், பஸ்காரர், பழைய டொக்யாட் ஆட்கள், மீன் வாடிச் சனம். அப்பா அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னமே காலமாகியிருந்தார். சுக்கானில் நின்றவன் எனக்குத் தெரியாத ஒரு இளம் பெடியன். ஆட்கள் ஏறினார்கள். அவன் எட்டி லோஞ்சின் பக்கத்தைப் பார்த்தான். கோடு தண்ணீரைத் தொட்டிருந்தது. கையை நீட்டி எனக்கு முன்னால் மறித்தான்.

"ரீச்சர், அடுத்ததில வாங்கோ."

ஜனாஸாவை லுஹர் தொழுகைக்கு முன் அடக்கம் செய்ய எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்ததில் போனால் முகம் பார்க்கக் கிடைக்காது. கெஞ்சியிருக்கலாம். அவன் விட்டிருப்பானோ என்னவோ. நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற யாருமே கேட்கவில்லை. லோஞ்சு போவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போய் ராத்தாவின் கையைப் பிடித்தேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"பிந்திப்போனன், ராத்தா. முதல் லோஞ்சில இடமில்லை."

அவ என் கையை விடாமல், தன் முகத்தை முந்தானையால் துடைத்தா.

"எத்தினை பேர் மிஞ்சி நிண்டீங்க?"

"நாப்பது பேருக்குக் கிட்ட இருக்கும். எல்லாரும் வாறாங்கள்."

ராத்தா குசினிப் பக்கம் திரும்பி, அங்கே நின்ற அயல்வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டா.

"புள்ளயள், இன்னும் நாப்பது பேருக்குத் தேத்தண்ணி வையுங்க. வெயில்ல நிண்டு வருகுதுகள்."